என்எம்சி 811 கேத்தோடு 200 எம்ஏஹெச் வரவே மாட்டேங்குது, எங்க தப்பு பண்றேன்?

வைகை_ஸ்காலர்

எல்லாருக்கும் வணக்கம். நான் பி.ஹெச்.டி ரெண்டாவது வருஷம், கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட். டாபிக் லித்தியம் பேட்டரில நிக்கல் அதிகமா இருக்கிற கேத்தோடு (பாசிட்டிவ் பக்கத்துப் பவுடர்), அதாவது என்எம்சி 811, நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் 8:1:1ன்னு கலந்த லித்தியம் ஆக்சைடு. எட்டு மாசமா இந்த ஒரே பவுடரோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், பேப்பர்ல எல்லாரும் கிராமுக்கு 200, 205 எம்ஏஹெச் (மில்லிஆம்பியர்-அவர், தாங்கற சார்ஜ்) வருதுன்னு போடறாங்க, எனக்கு 150 கூட தாண்ட மாட்டேங்குது. லேப்ல பேட்டரி செய்யிற ஒரே ஆள் நான்தான், கேக்க பக்கத்துல யாரும் இல்ல, அதான் இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் பண்றது இதுதான். நிக்கல் சல்பேட், கோபால்ட் சல்பேட், மாங்கனீஸ் சல்பேட் மூணையும் 8:1:1 ரேஷியோல 2 மோலார் கரைசலா எடுத்துக்கறேன், ஒரு லிட்டர் பீக்கர்ல 55 டிகிரில கலக்கிட்டே சோடியம் ஹைட்ராக்சைடும் அமோனியாவும் சொட்டு சொட்டா விடறேன், பிஹெச் 11 பக்கத்துல பிடிச்சு வெச்சுக்கறேன். நைட்ரஜன் ட்யூப் உள்ள விட்டிருக்கேன் ஆனா பீக்கருக்கு சரியான மூடி கிடையாது. விழுற பவுடர் முதல்ல வெளிர் பச்சையா இருக்கும், வடிகட்டி முடிக்கறதுக்குள்ள பழுப்பா மாறிடுது. 80 டிகிரில ராத்திரி முழுக்க காயவெச்சு, லித்தியம் ஹைட்ராக்சைடு மோனோஹைட்ரேட் 1.05 மோல் சேத்து அகேட் மார்ட்டர்ல அரை மணி நேரம் அரைச்சு, மஃபில் பர்னஸ்ல 850 டிகிரி 15 மணி நேரம். ஆக்சிஜன் லைன் எங்க பர்னஸ்ல இல்ல, சாதா காத்துதான்.

எக்ஸ்ஆர்டில (எக்ஸ்ரே வெச்சு கிறிஸ்டல் அமைப்பப் பாக்கறது) 003, 104 பீக் ரேஷியோ 0.97 வருது. 108, 110 பீக் ரெண்டும் பிரியவே இல்ல, ஒட்டிக்கிட்டு நிக்குது. காயின் செல்ல பவுடர், கார்பன், பைண்டர் 80:10:10, 2.8 டூ 4.3 வோல்ட், சி பை 10 (பத்து மணி நேரத்துல முழுசா சார்ஜ் ஆகற வேகம்). முதல் சார்ஜ் 190, டிஸ்சார்ஜ் 142. முப்பது சைக்கிள்ல கேப்பாசிட்டி 108க்கு வந்துடுச்சு.

இன்னொண்ணு, இத நினைச்சாதான் அழுகையா வருது. பிவிடிஎஃப்பும் (பவுடர ஒட்ட வைக்கிற பைண்டர்) என்எம்பியும் (அத கரைக்கிற திரவம்) போட்டு ஸ்லரி ரெடி பண்ணா முதல் அரை மணி நேரம் நல்லா ஓடுது, ஒன்றரை மணி நேரத்துல கெட்டியாயி காந்த பீட் சுத்தறது நின்னுடுது. பீக்கர கவுத்தாலும் கீழ விழல. ஓரமெல்லாம் பழுப்பா ஆயிடுது. அதுல இருந்து வழிச்சு எடுத்துதான் ஃபாயில்ல பூசறேன்.

கைடு சொல்றாரு, அடுத்த ரிவ்யூக்குள்ள 200 வரலேன்னா லித்தியம்-ரிச் மாங்கனீஸ் பக்கம் போயிடு, அதுல 280 வரைக்கும் வருதுன்னு பேப்பர் இருக்குன்னு. மாறலாமா? இல்ல இதுலயே எங்கயாவது தப்பு இருக்கா? யாராவது உண்மையா கையில செஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

உலைக்காரன்

தங்கச்சி, உங்க பதிவ ரெண்டு தடவ படிச்சேன். நான் கொரியாவுல ஒரு கேத்தோடு பவுடர் பேக்டரில ஆறு வருஷம் பர்னஸ் செக்ஷன்ல இருந்தவன். மனச விட்டுடாதீங்க, நீங்க எழுதியிருக்கிற அறிகுறி எல்லாமே ஒரே இடத்தத்தான் காட்டுது, அது உங்க பர்னஸ்.

நீங்க வடிகட்டி எடுக்கிற ஹைட்ராக்சைடு பவுடர்ல நிக்கல் 2+ ஆ (ரெண்டு எலக்ட்ரான் இழந்த நிலைல) இருக்கு. 811 ஆகணும்னா கணக்குப்படி 0.8 நிக்கல்ல 0.7 பங்கு 3+ ஆ மாறணும், மாங்கனீஸ் 4+ ஆ உக்காருறதால அதுக்கு ஈடா 0.1 பங்கு நிக்கல் மட்டும் 2+ ஆவே இருக்கலாம். இந்த 3+ ங்கிறது நிக்கலுக்குப் பிடிச்ச நிலையே இல்ல, ஆக்சிஜன் பக்கத்துல நின்னு பிடிச்சு வெச்சாத்தான் இருக்கும், சூடு ஏற ஏற மறுபடியும் 2+ க்கு ஓடத்தான் பாக்கும். நீங்க 850 டிகிரில, வெறும் 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிற காத்துல, அதுவும் மூடின மஃபில்ல வெச்சிருக்கீங்க. நிக்கல் கம்மியா இருக்கிற என்எம்சி 333க்கோ 523க்கோ அந்த ரெசிப்பி ஓடும், அதுல நிக்கல் பெரும்பாலும் 2+ தான். 811க்கு ஓடாது. 2+ நிக்கலோட அளவு 0.69 ஆங்ஸ்ட்ராம், லித்தியம் 0.76. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சைஸ், அதனால மிச்சம் இருக்கிற 2+ நிக்கல் நேரா போயி லித்தியத்தோட இடத்துல உக்காந்துடும். லித்தியம் போயிட்டு வர்ற நடைபாதைக்கு நடுவுல தூண் நட்ட கதைதான். உங்க 0.97 அதத்தான் சொல்லுது, பொதுவா 1.2க்கு மேல இருந்தாத்தான் லேயர் ஒழுங்கா இருக்குன்னு எடுத்துப்போம்.

அதனால ட்யூப் பர்னஸ், ஓடிட்டே இருக்கிற ஆக்சிஜன், டெம்பரேச்சர் 750ல இருந்து 780க்குள்ள. நேரா மேல ஏத்தாதீங்க, 480 - 500ல ஒரு அஞ்சு மணி நேரம் நிறுத்துங்க, லித்தியம் ஹைட்ராக்சைடு 462லயே உருகிடும், உருகி பவுடருக்குள்ள ஊறட்டும், அப்புறம் ஏத்துங்க. கார்பனேட் உருக 720 தாண்டணும், அதனாலதான் நிக்கல் கூடின பவுடருக்கு எல்லாரும் ஹைட்ராக்சைடுக்கு மாறினாங்க.

இப்ப ரொம்ப பேர் கவனிக்காத விஷயம், தண்ணி. நீங்க 100 கிராம் 811 செய்யறீங்கன்னு வைங்க, பர்னஸ்குள்ள 45 கிராம் கிட்ட தண்ணி ஆவியா வரும். ஹைட்ராக்சைடுல இருக்கிறதும், மோனோஹைட்ரேட்ல இருக்கிறதும் சேத்து அவ்ளோ. குரூசிபிள்ல நெஞ்சு வரைக்கும் பவுடர அமுக்கி வெச்சா அந்த ஆவி வெளிய போக வழியில்ல, ஆக்சிஜன் உள்ள வரவும் வழியில்ல, மேல ஒரு பவுடரும் அடியில வேற ஒரு பவுடரும் கிடைக்கும். எங்க பேக்டரில சாகர்ல (பர்னஸ்ல வைக்கிற பீங்கான் பெட்டி) பவுடர் போட்டதும் மேல கோடு கோடா வெட்டி விடுவோம், மைசூர்பாக் தட்டுல வில்லை போடற மாதிரி, அந்தப் பள்ளத்து வழியாத்தான் காத்து உள்ள போகும். நீங்க அலுமினா போட்ல மெல்லிசா பரப்புங்க, ஒரு சென்டிமீட்டருக்கு மேல வேணாம். போட் சுவர்ல ஒட்டின பவுடர சுரண்டி எடுத்து சேக்காதீங்க, அது அலுமினாவோட ரியாக்ட் ஆயிருக்கும்.

ஸ்லரி ஜெல் ஆகறதுக்குக் காரணம் பவுடர் மேல மிஞ்சி நிக்கிற லித்தியம். உள்ள போகாத லித்தியம் மேற்பரப்புல ஹைட்ராக்சைடாவும், காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடோட சேந்து கார்பனேட்டாவும் உக்காந்திருக்கு. அந்தக் காரம் பிவிடிஎஃப்ல இருந்து எச்எஃப்ப (ஹைட்ரஜன் ஃப்ளூரைட) உருவி எடுக்கும், சங்கிலிகள் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும், அதான் கெட்டியாகுது, பழுப்பு கலரும் அதாலதான். கொஞ்சம் பவுடர காய்ச்சி ஆறின தண்ணில போட்டு பிஹெச் பாருங்க, 12 தாண்டினா நான் சொல்றது உறுதி. அந்த ஜெல்ல வழிச்சுப் பூசின எலக்ட்ரோடு டேட்டாவ எதுக்கும் நம்பாதீங்க.

எனக்கு ரெண்டு கேள்வி. வடிகட்டின தண்ணி என்ன கலர்ல இருந்துச்சு? பவுடர எங்க வெச்சிருக்கீங்க?

---

வைகை_ஸ்காலர்

அண்ணா ரொம்ப ரொம்ப நன்றி, இவ்ளோ பொறுமையா யாரும் எனக்கு சொல்லிக் கொடுத்ததே இல்ல.

வடிகட்டின தண்ணி லேசா நீலமா இருந்துச்சு. அமோனியா போட்டதால அப்படித்தான் இருக்கும்னு நினைச்சு விட்டுட்டேன். பவுடர் சாதா டெசிகேட்டர்ல இருக்கு, ஆனா சிலிகா ஜெல் மாத்தி ரொம்ப நாளாச்சு, ரெண்டு வாரமா இங்க விடாம மழை. குரூசிபிளையும் நீங்க சொன்ன மாதிரியே முழுசா ரொப்பித்தான் வெச்சேன். பிஹெச் இப்பதான் பாத்துட்டு வந்தேன், 12.3.

பவுடர தண்ணில கழுவிட்டா அந்த லித்தியம் போயிடாதா?

---

உலைக்காரன்

நீலம்னா நிக்கல் அமோனியாவோட சேந்து கரைசல்லயே நின்னுடுச்சுன்னு அர்த்தம் மா. அப்ப உங்க பவுடர் 811 இல்ல, நிக்கல் குறைஞ்ச ஏதோ ஒண்ணு. அமோனியாவ குறைங்க, பிஹெச்ச ஒரு 0.3, 0.4 மட்டும் மேல ஏத்திப் பாருங்க, வடியிற தண்ணி நிறமில்லாம வர்ற வரைக்கும் பர்னஸ் பக்கமே போகாதீங்க. ஐசிபி (எந்த உலோகம் எவ்ளோ இருக்குன்னு அளக்கற டெஸ்ட்) எங்கயாவது வெளிய குடுத்தாவது பாத்துடுங்க, அது இல்லாம 811ன்னு தலைப்பு போடக் கூடாது. சல்பேட் போற வரைக்கும் வெதுவெதுப்பான தண்ணில கழுவணும், கழுவின தண்ணில பேரியம் குளோரைடு ஒரு சொட்டு விட்டா வெள்ளையா கலங்கக் கூடாது.

80 டிகிரி போதாது, 110 - 120ல காயவைங்க. அதுலயும் ஒரு கிராம் எடுத்து தனியா எரிச்சு ஆக்சைடா எவ்ளோ மிஞ்சுதுன்னு எடை பாத்து, அந்தக் கணக்குல லித்தியம் சேருங்க. ஈரம் இருக்கிற பவுடர எடை போட்டா அதுல உலோகம் நீங்க நினைச்சத விட கம்மியா இருக்கும், 1.05ன்னு போட்டது உள்ள 1.10 ஆயிருக்கும், அந்த எக்ஸ்ட்ரா எல்லாம் வெளிய வந்து ஸ்லரிய கெடுக்கும். ஆக்சிஜன்ல 1.02 - 1.03 போதும்.

கழுவறது பேக்டரிலயும் பண்றோம், ஆனா நிமிஷக் கணக்குல, குளிர்ந்த தண்ணில, உடனே வடிகட்டி வாக்குவம்ல காயவெச்சு, நிறைய இடத்துல அதுக்கு மேல போரான் மாதிரி ஒரு கோட்டிங் குடுத்து திரும்ப சூடு பண்ணுவாங்க. தண்ணி பட்டதும் மேல இருக்கிறது மட்டுமில்ல, உள்ள இருக்கிற லித்தியமும் வெளிய வந்து அந்த இடத்துல புரோட்டான் போயி உக்காரும். முதல் கேப்பாசிட்டி நல்லா தெரியும், அப்புறம் சைக்கிள்ல கொட்டிடும். முதல்ல மிச்ச லித்தியமே வராத மாதிரி செய்யப் பாருங்க. பர்னஸ் 150 - 200க்கு இறங்கும்போதே பவுடர வெளிய எடுத்து சீல் பண்ணி கிளவ்பாக்ஸ்ல (காத்தும் ஈரமும் புகாத பெட்டி) போயிடணும். மழைக்காலத்துல திறந்து வெச்ச 811 பவுடர் ரெண்டு நாள்ல வேற பவுடர்.

---

யாழ்_செல்டெஸ்ட்

வணக்கம் தங்கச்சி. நான் கனடாவில செல் டெஸ்டிங் வேலை செய்யிறன். பவுடர் செய்யிறதைப் பற்றி அண்ணா வடிவா சொல்லிப்போட்டார், நான் அளக்கிற பக்கத்தை மட்டும் சொல்லுறன்.

உங்கட முதல் சார்ஜ் 190, டிஸ்சார்ஜ் 142, எண்டால் 75 சதவீதம். நல்ல 811க்கு இது 87, 90 எண்டு வரவேணும். இந்த ஒரு நம்பரைத்தான் நான் முதல்ல பாப்பன், கேப்பாசிட்டியை இல்லை. போன லித்தியம் திரும்ப வராட்டி வழியில ஏதோ அடைச்சுக் கிடக்கு எண்டுதான் கருத்து, அது அண்ணா சொன்ன நிக்கல் தூணோட சரியாப் பொருந்துது.

எலக்ட்ரோட்டில ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தினை மில்லிகிராம் போடுறீங்கள் எண்டு எழுதேல்லை. கனக்க பேப்பர்களில 2, 3 மில்லிகிராம்தான் இருக்கும், கார் செல்லில 20 கிட்ட. மெல்லிசாப் பூசினால் எந்தப் பவுடரும் வடிவாத்தான் ஓடும். அதோட நீங்கள் எதிர்ப்பக்கம் லித்தியம் ஃபாயில் வைக்கிறீங்கள், அதில லித்தியம் அளவில்லாமல் கிடக்கு, கேத்தோடு இழக்கிற லித்தியத்தை அது பேசாமல் நிரப்பிக்கொண்டே இருக்கும், இழப்பு உங்களுக்குத் தெரியவே தெரியாது. கிராஃபைட்டோட முழு செல் ஒண்டு கட்டினால்தான் உண்மை வெளியில வரும். ரிவ்யூவில காட்டாட்டியும் பரவாயில்லை, உங்களுக்காக ஒண்டு கட்டிப் பாருங்கோ.

அடுத்தது 4.3 வோல்ட். 4.2 கிட்டப் போகேக்க நிக்கல் கூடின கேத்தோட்டில எச்2 எண்ட கிறிஸ்டல் அமைப்பில இருந்து எச்3 எண்ட அமைப்புக்கு ஒரு மாற்றம் வரும், அதில லேயருக்கு இடையில இருக்கிற இடைவெளி திடீரெண்டு சுருங்கும். உங்கட ஒவ்வொரு உருண்டையும் நூற்றுக்கணக்கான சின்ன மணிகள் ஒட்டினது, ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு திசையில சுருங்கினால் உருண்டை வெடிக்கத்தானே செய்யும். வெடிச்ச வெடிப்புக்குள்ள எலக்ட்ரோலைட் போகும், புதுசாத் திறந்த முகத்தைத் தின்னும், ரெசிஸ்டன்ஸ் ஏறும். டிக்யூ டிவி பிளாட் (எந்த வோல்டேஜில எவ்வளவு சார்ஜ் போகுது எண்டு காட்டுற கோடு) போட்டு அந்த 4.2 பீக் சைக்கிளுக்குச் சைக்கிள் எப்பிடிக் குறையுது எண்டு பாருங்கோ, உங்கட 108 எங்கயிருந்து வருது எண்டு விளங்கும்.

இந்த வெடிப்புக்கு ரெண்டு பேர் ரெண்டு விதமா மருந்து கண்டுபிடிச்சவை. ஹன்யாங் பல்கலைக்கழகத்தில யாங்-குக் சன் ஆக்கள் உருண்டையின்ர நடுவில நிக்கலைக் கூட்டி, வெளிய வர வர மாங்கனீஸைக் கூட்டி, படிப்படியா மாறுற மாதிரிச் செய்தவை. 2012ல முழு உருண்டையிலயும் அந்தச் சரிவு வந்தது. மற்றது இங்க ஹாலிஃபாக்ஸ், டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில ஜெஃப் டான்ர குழு. உருண்டையே வேண்டாம், ரெண்டு மூண்டு மைக்ரான் அளவில தனித்தனி ஒற்றைக் கிறிஸ்டலா வளத்தால் வெடிக்க ஒட்டுற இடமே இல்லை. 2019ல அவை காட்டின செல் ஆயிரக்கணக்கான சைக்கிள் ஓடினது. ஆனால் பாருங்கோ, அது 811 இல்லை, 532. கேப்பாசிட்டி குறைஞ்ச பவுடரை எடுத்து, அதை நல்லாச் செய்து, நல்ல எலக்ட்ரோலைட்டோட போட்டவை. அதைத்தான் உலகம் முழுக்கக் கதைச்சது.

---

ஆக்சிஜன்_பித்தன்

லித்தியம்-ரிச் பத்தி கேட்டிருக்கீங்க, நான் அதுல நாலு வருஷம் இருந்தேன், அதனால கொஞ்சம் உரிமையோடவே சொல்றேன், ரிவ்யூ பயத்துல மட்டும் அங்க போகாதீங்க.

அந்த 280 பொய் இல்ல. லித்தியம் 1.2, மாங்கனீஸ் 0.54, நிக்கல் 0.13, கோபால்ட் 0.13ன்னு ஒரு பார்முலா இருக்கு, அத ஒழுங்கா செஞ்சா 250க்கு மேல சுலபமா வரும். கோபால்ட்டும் நிக்கலும் கம்மி, மாங்கனீஸ் விலை மலிவு. ஆர்கான் நேஷனல் லேப்ல தாக்கரே ஆளுங்க இந்தக் குடும்பத்த வளத்தெடுத்தாங்க. முதல் சார்ஜ்ல 4.5 வோல்ட்ல ஒரு நீளமான சமதளம் வரும், முதல் தடவ அத ஸ்கிரீன்ல பாத்தப்போ நான் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் லேப்லயே உக்காந்திருந்தேன், கோடு அப்படியே நேரா போயிட்டே இருக்கு, 150 தாண்டி, 200 தாண்டி, 300ம் தாண்டிடுச்சு.

அந்த எலக்ட்ரான் எங்கிருந்து வருதுங்கறதுதான் விஷயம். மாங்கனீஸ் ஏற்கனவே 4+, அது இன்னும் குடுக்காது. குடுக்கிறது ஆக்சிஜன். நாம உலோகம்தான் எலக்ட்ரான் குடுக்கும், ஆக்சிஜன் வெறும் கூடுதான்னு நினைச்சுட்டு இருந்தோம், இதுல கூடே எலக்ட்ரான் குடுக்குது. பிரான்ஸ்ல டாரஸ்கான் குழு 2013ல மாங்கனீஸுக்குப் பதிலா ருத்தீனியமும் தகரமும் போட்ட ஒரு மாதிரி சேர்மத்துல இத தெளிவா காட்டினாங்க. பிரச்சனை என்னன்னா எலக்ட்ரான் குடுத்த ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமா வாயுவாவும் வெளிய போகும், முக்கியமா மேற்பரப்புல இருந்து. லித்தியம் காலி பண்ணின இடத்துக்கு உலோக அயனி நகந்து வரும், சிலது அங்கயே மாட்டிக்கும், லேயர் அமைப்பு மெல்ல மெல்ல ஸ்பினல்ங்கிற வேற ஒரு கிறிஸ்டல் அமைப்பு மாதிரி ஆயிடும். அதே குழு 2015ல தகரத்துக்குப் பதிலா டைட்டானியம் போட்டுப் பாத்தாங்க, டைட்டானியம் சின்ன அயனி, நாலுமுக இடுக்குல சுலபமா போயி மாட்டிக்குது, வோல்டேஜ் இன்னும் சீக்கிரம் இறங்குது.

கேப்பாசிட்டி பிளாட் மட்டும் பாத்தா இது எதுவுமே தெரியாது. நூறு சைக்கிள் கழிச்சும் 240 நிக்கும், நேரா ஒரு கோடு, பாக்க அவ்ளோ அழகா இருக்கும். சராசரி வோல்டேஜ பக்கத்துல போட்டுப் பாருங்க, 3.6 கிட்ட ஆரம்பிச்சது ஒவ்வொரு சைக்கிளுக்கும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டே இருக்கும். எனர்ஜிங்கிறது கேப்பாசிட்டியும் வோல்டேஜும் பெருக்கினதுதானே. அதோட ஒரு வண்டில பேட்டரி எவ்ளோ மிச்சம் இருக்குன்னு வோல்டேஜ வெச்சுத்தான் பெரும்பாலும் கணக்கு போடறாங்க, அந்த வோல்டேஜே நாளுக்கு நாள் மாறினா டிரைவருக்கு என்னத்த காட்டறது? சார்ஜ் ஆகற வழி ஒண்ணு, டிஸ்சார்ஜ் ஆகற வழி ஒண்ணுன்னு ரெண்டுக்கும் நடுவுல பெரிய இடைவெளி வேற, அதெல்லாம் சூடாத்தான் போகும்.

நான் அத வெறுக்கல, இன்னைக்கும் என் மனசு அங்கதான் இருக்கு. ஜெர்ப்ராண்ட் சீடர் ஆளுங்க 2014ல லேயரே இல்லாம எல்லா அயனியும் கலஞ்சு கிடக்கிற ராக்சால்ட்லயும் (சாதா உப்பு மாதிரி கிறிஸ்டல் அமைப்பு) லித்தியம் ஓடும், ஆனா லித்தியம் கொஞ்சம் தூக்கலா இருக்கணும்னு காட்டினப்போ எனக்குத் தூக்கம் வரல. இந்தத் துறைல கேப்பாசிட்டி எங்க ஒளிஞ்சிருக்குன்னு கேட்டா ஆக்சிஜன்லதான். ஆனா உங்க லேப்ல ஆக்சிஜன் பர்னஸே இல்லாம, ஸ்லரி ஜெல் ஆகற நிலைமைல, 4.8 வோல்ட் வரைக்கும் போற ஒரு பவுடருக்கு மாறினா பிரச்சனை ரெண்டா ஆகும். முதல்ல 811 ஒண்ண ஒழுங்கா செஞ்சு முடிங்க.

---

பழைய_வாத்தியார்

எல்லாரும் அருமையா எழுதியிருக்கீங்க. ரிட்டையர்ட் கெமிஸ்ட்ரி வாத்தியார் நான், ஒரு விஷயம் மட்டும் சேக்கணும்னு தோணுது.

எம்ஏஹெச்ங்கிற ஒரே நம்பர துரத்தறது சரியான்னு யோசிங்க பிள்ளைங்களா. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் (எல்எஃப்பி) தியரிப்படியே 170 தான், வோல்டேஜ் 3.4. என்எம்சிய விட ரெண்டுமே கம்மி. 1997ல டெக்சாஸ் ஆஸ்டின்ல பாதி, நஞ்சுண்டசுவாமி, குட்இனஃப் அத வெளியிட்டப்போ கரண்ட் ஓடாத பவுடர்னு நிறைய பேர் தள்ளி வெச்சாங்க. துகள பொடியாக்கி, மேல கார்பன் பூசின பிறகு ஓட ஆரம்பிச்சது. இன்னைக்கு ரோட்ல ஓடற எலக்ட்ரிக் பஸ்ஸ பாருங்க, வீட்டு சோலார் பேட்டரிய பாருங்க, எத்தனை எடத்துல அதுதான் இருக்கு. பாஸ்பரஸ் ஆக்சிஜன கெட்டியா பிடிச்சு வெச்சிருக்கு, சூடு ஏறினாலும் விடாது. நீங்க எல்லாரும் மேல இவ்ளோ நேரம் பேசினது ஆக்சிஜன் ஓடிப் போற கதைதானே.

அந்த பாஸ்பேட்டுக்கு முன்னாடி ஒரு படி இருக்கு, அத நம்ம பிள்ளைங்க தெரிஞ்சுக்கணும். இரும்பு ஆக்சைடுல வோல்டேஜ் ரெண்டரைக்குக் கீழ. அதே இரும்ப மாலிப்டேட்டுக்குள்ள வெச்சா 3.0, சல்பேட்டுக்குள்ள வெச்சா 3.6. பக்கத்துல இருக்கிற கந்தகம் ஆக்சிஜன தன் பக்கம் இழுக்க இழுக்க, இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிடி தளர்ந்து வோல்டேஜ் மேல ஏறுது. 1987, 89ல இத குட்இனஃபோட சேந்து கண்டுபிடிச்சவர் ஆறுமுகம் மந்திரம். மதுரைப் பல்கலைக்கழகத்துல படிச்சு, ஐஐடி மெட்ராஸ்ல டாக்டரேட் வாங்கினவர். 2019ல குட்இனஃபுக்கு 97 வயசுல நோபல் கிடைச்சப்போ, அவர் சார்பா ஸ்டாக்ஹோம்ல நோபல் உரை நிகழ்த்தினதும் இவர்தான். நான் அன்னைக்கு அத கம்ப்யூட்டர்ல பாத்துட்டு கண் கலங்கிட்டேன். இன்னைக்கு அவர் குழுவும் இந்தப் பொண்ணு செய்யிற அதே நிக்கல் கேத்தோடுலதான் இருக்கு, கோபால்ட்ட முழுசா எடுத்துட்டு அலுமினியம் போட்டு 2020ல வெளியிட்டாங்க.

---

உலைக்காரன்

வாத்தியாரய்யா சொன்னதுல எனக்கு மறுப்பில்ல, ஒரு கணக்கு மட்டும் வைக்கறேன். எல்எஃப்பி 160ஐ 3.4ஆல பெருக்கினா கிலோவுக்கு 544 வாட் அவர், 811 200ஐ 3.8ஆல பெருக்கினா 760. அதுக்கும் மேல எல்எஃப்பி எலக்ட்ரோட உருளைல அழுத்தினா ஒரு சிசிக்கு 2.5 கிராம் கிட்டத்தான் வரும், 811 3.4 தாண்டும். இடம் இருக்கிற பஸ்ஸுக்கு எல்எஃப்பிதான் சரி, ஒரே சார்ஜ்ல ரொம்ப தூரம் போக வேண்டிய வண்டிக்கு இடம் எங்க இருக்கு? கோபால்ட்ல பெரும்பகுதி காங்கோவுல இருந்து வருது, அத குறைக்கணும்னா நிக்கல கூட்டித்தான் ஆகணும். இந்தப் பொண்ணு செய்யிற வேலை தேவையான வேலை. விட வேணாம்.

---

வைகை_ஸ்காலர்

எல்லாருக்கும் திரும்ப வணக்கம், அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன். வாத்தியாரய்யா, உங்க பதிவ ப்ரிண்ட் எடுத்து என் டெஸ்க்ல ஒட்டி வெச்சிருக்கேன்.

பக்கத்து ஊர் காலேஜ்ல ஒரு அக்கா அவங்க ட்யூப் பர்னஸ ராத்திரில மட்டும் குடுத்தாங்க, ஆக்சிஜன் சிலிண்டர் நான் வாங்கிட்டுப் போனேன். புது பேட்ச் போட்டேன், அமோனியாவ குறைச்சு பிஹெச்ச 11.4ல வெச்சதும் வடிஞ்ச தண்ணி நிறமே இல்லாம வந்துச்சு, அந்த ஃப்ளாஸ்க்க ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ரொம்ப நேரம் பாத்துட்டே நின்னேன். பீக்கருக்கு ரப்பர் மூடி செஞ்சு வாங்கினேன், இந்தத் தடவ பச்சை பச்சையாவே இருந்துச்சு. 500ல அஞ்சு மணி நேரம், 760ல பன்னெண்டு மணி நேரம், போட்ல மெல்லிசா பரப்பி நடுவுல கோடு போட்டேன், லித்தியம் 1.03.

003, 104 ரேஷியோ 1.31. 108ம் 110ம் தனித்தனியா ரெண்டு பீக்கா பிரிஞ்சு நிக்குது. தண்ணில போட்டா பிஹெச் 11.6. ஸ்லரி ராத்திரி முழுக்க கலக்கியும் கெட்டியாகல, டாக்டர் பிளேடுக்கு முன்னாடி தோசை மாவு மாதிரி வழவழன்னு ஓடிச்சு, ஃபாயில்ல கோடு விழாம ஒரே சீரா கருப்பா பரவிச்சு.

சி பை 10ல முதல் சார்ஜ் 219, டிஸ்சார்ஜ் 191. 87 சதவீதம். லோடிங் சதுர சென்டிமீட்டருக்கு 8 மில்லிகிராம். 200 இல்லதான், ஆனா இந்த 191 உண்மையான 191ன்னு எனக்குத் தெரியும், ஐசிபியும் 80.2, 9.9, 9.9ன்னு வந்துடுச்சு. கைடுகிட்ட காட்டினேன், லித்தியம்-ரிச் பேச்ச அவரே எடுக்கல.

அம்பதாவது சைக்கிள்ல 172 ஆயிடுச்சு. டிக்யூ டிவில 4.2 பீக் யாழ்_செல்டெஸ்ட் சொன்ன மாதிரியே தேஞ்சுட்டே வருது. இத எப்படி நிறுத்தறது?

---

யாழ்_செல்டெஸ்ட்

8 மில்லிகிராமில 191 எண்டால் நல்ல வேலை தங்கச்சி, சந்தோஷமா இருக்கு. அடுத்த பேட்ச்சை ரெண்டாப் பிரியுங்கோ. இதே பவுடரில ஒரு செல் 4.15 வோல்ட்டோட நிப்பாட்டி ஓட்டுங்கோ, ஒரு செல் 4.3. 4.15ல தேயாமல் நிண்டால் பிரச்சனை அந்த வெடிப்புத்தான், அதிலயும் தேஞ்சால் எலக்ட்ரோலைட்டில ஈரம் இருக்கோ எண்டு பாக்கவேணும்.

---

உலைக்காரன்

அதோட ஒரு பேட்ச்ல லித்தியம் கலக்கும்போது சிர்க்கோனியம் ஆக்சைடு நானோ பவுடர் அரை மோல் சதவீதம் சேத்துப் பாருங்க மா, மத்தது எதையும் மாத்தாம. ரெண்டையும் ஒரே நாள் ஒரே பர்னஸ்ல பக்கத்து பக்கத்து போட்ல வைங்க, அப்பத்தான் வித்தியாசம் சிர்க்கோனியத்தாலயா பர்னஸாலயான்னு தெரியும். டேட்டா வந்ததும் இங்க போடுங்க, நான் பாக்கறேன்.